ஆறாம் வளைவில் இறங்கி நடக்கவும்

ஆகஸ்ட் 11, திங்கள்

காலை ஏழு மணிக்கே கிளை மேலாளர் தணிகாசலம் சாரிடமிருந்து போன். "வையாபுரி, சென்னை வண்டிக்கு இன்னிக்கு வேற ஆளப் போட்டாச்சு. குளிச்சிட்டு நேரா டிப்போவுக்கு வா." என்ன புகாரோ என்று பயந்துகொண்டே போனேன். புகார் ஒன்றுமில்லை. நாவற்கோம்பை மலைக்குப் புதிதாகப் போட்ட சாலையில் பஸ்ஸை ஏற்றி இறக்கிக் காட்ட வேண்டுமாம். டிப்போவில் மலை ஓட்டிய அனுபவம் உள்ளவர்கள் மூன்று பேர். ஒருவருக்குக் கண்ணில் ஆபரேஷன், ஒருவர் லீவு, மிச்சம் நான்.

அடிவாரத்திலிருந்து ஊர் வரை எட்டு கிலோமீட்டர். ஒன்பது கொண்டை ஊசி வளைவுகள். எம்.எல்.ஏ. தன் தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து இந்த ஊருக்கு பஸ் விடுவதற்கென்றே ஒதுக்கிப் போட்ட சாலை. அடிவாரத்தில் தோரண வாயில் கட்டி அதை ஆளுயர எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். மேலே ஊரில் டைல்ஸ் ஒட்டிய நிழற்குடை. அதில் எம்.எல்.ஏ. படம். அரண்மனை மாதிரி இருக்கிறது.

வண்டியில் மேலாளர், ஒன்றியப் பொறியாளர், ஒப்பந்ததாரர் குழந்தைவேலு. ஐந்தாம் வளைவு வரை சுலபமாக ஏறியது. ஆறாவதில் இடது பின்சக்கரம் கொஞ்சம் இறங்கியது. ஒரு சாண் இருக்கும். எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் மலையைக் குடைந்த மண்ணையே பள்ளத்துப் பக்கம் கொட்டி மேலே தார் போட்டிருக்கிறார்கள். தாங்கு சுவர் இல்லை.

"சுவரு எங்கீங்க?" என்று குழந்தைவேலுவைக் கேட்டேன்.

"அது ரெண்டாங் கட்டம்ணா. திட்டத்துல இருந்துச்சு. வாயிலு, நெழக்கொடைன்னு அங்கங்க போயிருச்சு. ஒதுக்குனது அவ்வளவுதானே?"

பொறியாளர் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

கீழே வந்ததும் டீக்கடை மேஜையில் வைத்து ஒரு தாளில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். நானும் போட்டேன். மேலாளர் தோளில் தட்டி, "இந்த ரூட் இனி உனக்குத்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுல இருக்கலாம்" என்றார்.

பதினோரு வருடமாகச் சென்னை வண்டி. வாரத்தில் இரண்டு இரவுதான் வீட்டில். கோமளாவிடம் சொன்னேன். நம்பவில்லை. "யாரு காலுல வுழுந்தீங்க?" என்றாள்.

ஆகஸ்ட் 20, புதன்

தொடக்க விழா. எம்.எல்.ஏ. கொடி அசைத்தார். அவரே முதல் டிக்கெட் வாங்கினார், படம் எடுத்தார்கள், இறங்கி காரில் வந்தார்.

மேலே ஊரே திரண்டிருந்தது. பம்பை அடித்து, வண்டிக்குத் திருநீறு பூசி, தங்காயி என்ற பெண் தேங்காய் உடைத்தாள். நாற்பது வயதுக்குள்தான். பஸ் கேட்டு கலெக்டர் ஆபீஸுக்குப் பதினான்கு முறை மனு கொடுத்தவள் இவள்தானாம். ஒவ்வொரு முறையும் விடியுமுன் கிளம்பி நடந்து இறங்கியிருக்கிறாள். இவளுடைய நாத்தனாரைப் பிரசவ வலியோடு தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கியபோது பாதி வழியில் தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். அதற்கப்புறம்தான் மனு.

முதல் நடையில் என் பின்னால் சீட்டில் வந்து உட்கார்ந்தாள். அடிவாரத்தில் இறங்கும்போது, "நாப்பது நிமிசங்களா டைவரண்ணா?" என்றாள்.

"முப்பத்தெட்டு."

புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு இறங்கிப் போனாள். அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பலாப்பழம் பதினேழு, ஆடு இரண்டு, ரேஷன் அரிசி மூட்டை, பள்ளிக்கூடத்துப் பெண்கள் பதினொருவர். நடத்துநர் அல்லிமுத்து ஆட்டுக்கு டிக்கெட் போட்டான். ஆட்டுக்காரர் ஆட்டை சீட்டில் உட்கார வைத்துவிட்டார். டிக்கெட் வாங்கியாச்சே என்கிறார்.

ஆறு மணிக்கு வீடு. கோமளா கொள்ளு ரசம் வைத்திருந்தாள். சுடச்சுடச் சாப்பிட்டேன். இப்படிச் சாப்பிட்டு எத்தனை வருடம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஆறாம் வளைவில் தாரில் ஒரு கோடு. பென்சிலால் கிழித்தது போல. வண்டி நீளத்துக்கு இருக்கும். பள்ளத்துப் பக்க விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே.

செப்டம்பர் 10, புதன்

கோடு அப்படியேதான் இருக்கிறது. புதுத் தார் வெயிலுக்கு வெடிக்கும்.

செப்டம்பர் 18, வியாழன்

நேற்று மாலை நல்ல மழை. இன்று கோட்டில் விரல் நுழைகிறது. வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். அல்லிமுத்துவும் இறங்கினான்.

"அண்ணா, இது ரோட்டுல கீறலா, மலையில கீறலா?"

"வாய மூடிட்டு விசில் அடி" என்றேன்.

குழந்தைவேலுவுக்குப் போன் செய்து சொன்னேன். ஆள் அனுப்புகிறேன் என்றார்.

செப்டம்பர் 20, சனி

தார் ஊற்றி அடைத்துவிட்டார்கள். கறுப்பாக, பளபளவென்று இருக்கிறது.

செப்டம்பர் 24, புதன்

காலை நடையில் ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். மூன்றாம் வளைவுக்குள் பனிக்குடம் உடைந்துவிட்டது. பெண்கள் புடவையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டார்கள். நிறுத்தங்கள் எதிலும் நிற்காமல் நேராக அரசு மருத்துவமனை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். பிழைத்துவிடுமாம்.

தங்காயி மருத்துவமனையிலிருந்து டிப்போ வரை நடந்து வந்து சொல்லிவிட்டுப் போனாள். "வண்டி இல்லீன்னா இன்னிக்கு ரெண்டு பொணமுங்க" என்றாள்.

ரூட் மாறிப் போனதற்கு மேலாளர் ஒரு சொல் கேட்கவில்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. ஊர்க்காரர்கள் வண்டிக்கு வாழைக்கன்று கட்டி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பொரி, கடலை, சுண்டல்.

இறங்கும்போது பார்த்தேன். ஊற்றிய தார் இரண்டாகப் பிளந்திருக்கிறது. இந்த முறை வெளிப்பக்கம் உள்பக்கத்தைவிடத் தாழ்ந்திருக்கிறது. நான்கு விரற்கடை.

அக்டோபர் 3, வெள்ளி

ஒரு வழி செய்திருக்கிறேன். ஆறாம் வளைவுக்கு முன்னால் நிறுத்தி எல்லாரையும் இறக்கிவிடுகிறேன். மலைச்சுவரை ஒட்டி நடந்து அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள். காலி வண்டியை நான் மலைப்பக்கம் ஒடித்து மெல்லக் கொண்டுபோகிறேன். அப்புறம் ஏறிக்கொள்கிறார்கள். ஐந்து நிமிடம் கூட ஆகாது.

பள்ளிக்கூடத்துப் பெண்களுக்கு விளையாட்டாகிவிட்டது. யார் முதலில் ஓடிப்போய் ஜன்னல் சீட் பிடிப்பது என்று போட்டி. அல்லிமுத்து ஒரு அட்டையில் 'ஆறாம் வளைவில் இறங்கி நடக்கவும்' என்று எழுதிக் கம்பியில் கட்டியிருக்கிறான். தங்காயிக்குத்தான் பிடிக்கவில்லை.

"டைவரண்ணா, அட்டையக் கழட்டுங்க. யாராச்சும் போட்டோ புடிச்சுப் போட்டாங்கன்னா வண்டிய நிப்பாட்டிருவாங்க."

கழற்றச் சொன்னேன்.

அக்டோபர் 9, வியாழன்

யாரோ சொல்லி ஒன்றியப் பொறியாளர் ஜீப்பில் வந்தார். ஆறாம் வளைவில் குனிந்து பார்த்தார். நாடாவால் அளந்தார். நல்ல மனிதர். மழைக்கோட்டுக்குள் நனைந்துகொண்டு அரைமணி நேரம் நின்றார்.

"டிரைவர், உண்மையச் சொல்லுங்க. சோதனை ஓட்டத்தன்னிக்கே இங்க எறங்குச்சா, இல்ல இப்ப மழைக்கு அப்புறம்தானா? மொதல்லயே எறங்கியிருந்தா மண்ணு அடியிலயே கெட்டிப்படலன்னு அர்த்தம். நான் ரோட்டையே மூடணும். நான் அன்னிக்குக் கவனிக்கல, போன்ல இருந்தேன்."

குழந்தைவேலு அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். வண்டியிலிருந்து இறங்கி நடந்து வந்த பத்துப் பதினைந்து பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். தங்காயி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நல்லாத்தான் இருந்துச்சுங்க" என்றேன்.

அடுத்து அவர் ஊர்க்காரர்களைக் கேட்டார். "இங்க முன்னாடி ஓடை, ஊத்து எதாச்சும் இருந்துச்சாம்மா?"

"வெறும் பாறைங்க" என்றாள் தங்காயி.

அப்படியானால் மேல் மண் மட்டும்தான் நகர்கிறது, மழை முடிந்ததும் மணல் மூட்டை அடுக்கிச் சரிசெய்யலாம் என்று எழுதிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வரும்போது மணி ஆறே கால். கோமளா முறுக்கு சுற்றிக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 16, வியாழன்

ஆறு விரற்கடை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. விடிந்ததிலிருந்து மழை. வாங்கின வெடி அப்படியே இருக்கிறது. மகள் பெங்களூரிலிருந்து வீடியோவில் பேசினாள். "ஏம்ப்பா மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். வெளிச்சம் போதவில்லை என்றேன்.

அக்டோபர் 22, புதன்

மதிய நடையில் தங்காயி மட்டும். வேறு ஆள் இல்லை. ஆறாம் வளைவில் இறங்கி நடந்தவள் அந்தப் பக்கம் போய் ஏறாமல் பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் வண்டியை நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்தேன். சாலைக்குக் கீழே சரிவிலிருந்து தண்ணீர் கசிகிறது. கலங்கல் தண்ணீர். டீ நிறத்தில்.

"இந்த எடத்துக்கு என்ன பேருன்னு தெரியுங்களாண்ணா?" என்றாள்.

"ஆறாம் வளைவு."

"அது உங்க பேரு. எங்களுக்கு ஊத்துப்பள்ளம். வெயில் காலத்துலகூட வத்தாது. மாடு கண்ணுக்கு இங்கதான் தண்ணி காட்டுவோம். ரோடு போடறப்ப ஜேசிபி வெச்சு மண்ணத் தள்ளி மூடிட்டாங்க. அடியில கொழா ஒண்ணு போடலைங்க."

"அன்னிக்கு அந்தப் பொறியாளர் கேட்டாரே?"

"சொன்னா ரோடு வேற பக்கமாப் போவோணும், அதுக்கு ஒதுக்குன நிதி பத்தாது, திட்டமே போயிரும்னு அப்பவே ஒப்பந்தக்காரரு எங்க ஊருல கூட்டம் போட்டுச் சொன்னாருங்க. எல்லாருமாச் சேந்து, சொல்றதில்லீன்னு முடிவு பண்ணோம். பதினாலு மனு கொடுத்திருக்கறேங்க நானு. எப்புடிங்க சொல்லுவேன்?"

"நீங்களும்தான் அன்னிக்குப் பொய் சொன்னீங்க. மொத நாளே சக்கரம் எறங்குச்சு. மேல காட்டுல நின்னு நானே பாத்தேன்" என்றாள்.

"இப்பவாச்சும் சொல்லிரலாமா?" என்று கேட்டேன்.

"சொன்னா நாளைக்கே வண்டி நிக்கும். தை பொறந்தா மழ நின்னுரும். அது வரைக்கும் எறங்கியே நடக்கறோமுங்க. எல்லாத்தையும் நானே எறக்கி வுடறேன்."

சரி என்றேன். தை வரைக்கும் தானே.

அக்டோபர் 24, வெள்ளி

மனது கேட்கவில்லை. ஒரு கடிதம் எழுதி மேலாளரிடம் கொடுத்தேன். 'தொடர் மழையால் ஆறாம் வளைவில் சாலை பலவீனமடைந்து வருகிறது, மழை முடியும் வரை ஐந்தாம் வளைவோடு வண்டியைத் திருப்ப அனுமதிக்கவும்.' அவ்வளவுதான் எழுதினேன்.

அவர் படித்தார். மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். ஆகஸ்ட் 11-ஆம் தேதியிட்டது. 'சோதனை ஓட்டத்தில் எந்த இடத்திலும் வண்டிக்கு இடையூறு ஏற்படவில்லை. வழித்தடம் பாதுகாப்பானது.' கீழே என் கையெழுத்து, மற்ற எல்லாக் கையெழுத்துக்கும் முதலாவதாக.

"நீ சொன்னதாலதான் நாங்க போட்டோம். ஐந்தாம் வளைவோட திருப்பினா ஊருக்கு பஸ் விடலன்னு ஆகும். பஸ்ஸுக்குன்னு ஒதுக்குன நிதி எங்க போச்சுன்னு மேல கேப்பான். உனக்குப் பயமா இருந்தா சொல்லு, வேற ஆளப் போடறேன்."

அன்றைக்கு அந்தத் தாளைப் படித்தேனா என்று கோமளா கேட்டாள். அவசரத்தில் படிக்கவில்லை என்றேன்.

படித்தேன்.

அக்டோபர் 27, திங்கள்

என்னை டிப்போவிலேயே வண்டி கழுவுமிடத்தில் மேற்பார்வைக்குப் போட்டுவிட்டார்கள். நாவற்கோம்பைக்குப் பிரபாகரன். முப்பத்திரண்டு வயது, மூன்று வருடத்து ஆள். நல்ல கை. கியர் மாற்றினால் சத்தமே வராது. போன மாதம்தான் மகனுக்குக் காது குத்தி எல்லாருக்கும் கறிச்சோறு போட்டான்.

ஆறாம் வளைவைப் பற்றிச் சொன்னேன். "அல்லிமுத்து அண்ணன் சொன்னாருங்ணா. எறக்கி வுட்டுட்டு நானும் அப்படியே ஒடிச்சு எடுத்துக்கறேன்" என்றான்.

அக்டோபர் 30, வியாழன்

அல்லிமுத்து வந்து சொன்னான். ஆட்கள் இறங்குவதில்லையாம். கட்சி வட்டச் செயலாளர் ஒருவர் வண்டியில் இருந்தாராம். "எம்.எல்.ஏ. போட்ட ரோட்டுல எறங்கி நடக்கச் சொல்றியா? எவஞ் சொன்னான்?" என்று சத்தம் போட்டாராம். பிரபாகரன் அறுபது பேரோடு ஆறாம் வளைவைக் கடந்திருக்கிறான்.

நான் மூன்று முறை அதையே கேட்டேன். அறுபது பேரா? அறுபது பேர்.

நவம்பர் 6, வியாழன்

திங்களன்று பத்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். ஆறாம் வளைவில் சிவப்புத் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ் வந்தது. பிரபாகரன் நிறுத்தினான். உள்ளே இருந்தவர்கள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். ஒருவரும் அசையவில்லை.

அப்போது தங்காயி எழுந்தாள். "எறங்குங்க எல்லாரும். பஸ்ஸு கேட்டவ நான் சொல்றேன், எறங்குங்க" என்றாள். வட்டச் செயலாளரையும் சேர்த்து இறங்கினார்கள்.

மறுநாளிலிருந்து அவளும் எனக்கு முன்னால் அங்கே வந்து நிற்கிறாள். குடை இல்லை, உரச்சாக்கைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு. காலை இரண்டு நடை, மதியம் ஒன்று, மாலை இரண்டு. நடுவே தூக்குப்பாத்திரத்தில் களியும் கீரையும் கொண்டு வருகிறாள். பாதி எனக்கு.

நவம்பர் 7, வெள்ளி

மேலேயிருந்த ஒரு புங்க மரம் சாய்ந்திருக்கிறது. நேற்று நேராக நின்றது போல ஞாபகம்.

நவம்பர் 10, திங்கள்

கோமளா: "எங்கதான் போறீங்க தினம்?"

நான்: "ஒரு வேலை."

கோமளா: "அந்த வேலைய ஆபீஸ்ல போயிச் சொல்ல முடியாதா?"

இவளுக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை. மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 12, புதன்

எழுத முடியவில்லை.

நவம்பர் 15, சனி

நடந்ததை எழுதுகிறேன்.

திங்கள் மாலையில் தொடங்கிய மழை செவ்வாய் முழுக்கப் பெய்து புதன் விடியலில் நின்றது. நான் ஏழரைக்குப் போனேன். தங்காயி வந்திருந்தாள். பள்ளத்தை எட்டிப் பார்த்தோம். மூன்று வாரமாகக் கசிந்துகொண்டிருந்த தண்ணீர் நின்றிருந்தது. சரிவு காய்ந்துகூட இருந்தது. "தண்ணி நின்னுருச்சுங்க, நல்லதுதானே?" என்றாள். நல்லதுதான் என்றேன். தண்ணீர் போகிற வழி அடைபட்டால் உள்ளே தேங்கும் என்பது, வயலுக்கு வாய்க்கால் வெட்டியவன் மகனுக்குத் தெரிய வேண்டும். அன்றைக்குத் தோன்றவில்லை.

எட்டேகாலுக்கு ஊரிலிருந்து பஸ் இறங்கி வந்தது. நாற்பத்து மூன்று பேர். எல்லாரும் இறங்கினார்கள். அல்லிமுத்து முன்னால் நடக்க, மலைச்சுவரைத் தொட்டுக்கொண்டு வரிசையாக இந்தப் பக்கம் வந்தார்கள். கடைசியாகத் தங்காயி, ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு. எல்லாரும் வந்த பிறகு பிரபாகரன் வண்டியை எடுத்தான். வண்டி பாதி வளைவுக்கு வந்தது.

சத்தம் கேட்டது என்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள். எனக்குச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. வண்டி நின்றுகொண்டிருந்த தரை, வண்டியோடு மெதுவாகக் கீழே போனது. மாடிப்படியில் இறங்குகிற மாதிரி. அவன் ஸ்டியரிங்கை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டே இருந்தது எனக்குத் தெரிந்தது. அப்புறம் மண்ணும் மரமும்தான்.

பத்தரை மணி ஆயிற்று அவன் உடலை எடுக்க.

நவம்பர் 17, திங்கள்

எம்.எல்.ஏ. வந்து பார்த்தார். உடனடியாகத் தாங்கு சுவர் கட்டத் தன் நிதியிலிருந்து ஒதுக்குவதாக அறிவித்தார். குழந்தைவேலு குடை பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார். ஊருக்குப் போக இப்போது ஒற்றையடிப் பாதையும் இல்லை. அது அந்தச் சாலைக்குக் கீழேதான் இருந்தது. ஊர்க்காரர்கள் மரக்கட்டை போட்டு ஏறுகிறார்கள்.

நவம்பர் 18, செவ்வாய்

விசாரணை. கோட்ட அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி. என்னையும் அல்லிமுத்துவையும் சேர்த்தே உட்கார வைத்துக் கேட்டார். போவதற்கு முன் மேலாளர் வராந்தாவில் என்னை நிறுத்தி, "எதிர்பாராத மழை. அத மட்டும் சொல்லு. உனக்கு இன்னும் நாலு வருசம் சர்வீஸ் இருக்கு" என்றிருந்தார்.

"வண்டியை அந்த இடத்தில் எடுக்கும்படி யாராவது டிரைவருக்குச் சைகை கொடுத்தார்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்லீங்க" என்றேன்.

அல்லிமுத்து திரும்பி என்னைப் பார்த்தான். அப்புறம் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டான்.

நவம்பர் 22, சனி

அல்லிமுத்து வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அறிக்கை தயாராகுதுங்ணா. சாலை மோசமா இருக்கறது தெரிஞ்சும் தன்னிச்சையா வண்டிய ஓட்டுனது டிரைவரோட கவனக்குறைவுன்னு எழுதறாங்களாம். அப்படி எழுதிட்டா பிரபாகரன் பொண்டாட்டிக்கு வேலையும் கெடைக்காது, ஒண்ணும் கெடைக்காது. நாஞ் சொல்ல மாட்டேன். உங்ககூடப் பன்னெண்டு வருசம் விசில் அடிச்சவன். நீங்கதான் சொல்லோணும்."

கோமளா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் போன பிறகு என் சட்டையைத் துவைக்க எடுத்துப் போனாள்.

நவம்பர் 23, ஞாயிறு

பிரபாகரன் வீட்டுக்குப் போனேன். ரயில்வே கேட்டைத் தாண்டி மூன்றாவது தெரு. அவன் மனைவி சுகந்தி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மகன் வேப்பங்குச்சியை வைத்து மண்ணில் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

"வாங்க" என்றாள். உள்ளே கூப்பிடவில்லை. நானும் அங்கேயே நின்று சொன்னேன்.

"அம்மா, அன்னிக்கு அவன் வளைவுகிட்ட வந்து நிறுத்திட்டு ஜன்னல் வழியா எட்டிப் பாத்தான். 'அண்ணா, இன்னிக்கு ஒரு மாதிரி இருக்குதே, போலாங்களா?'ன்னு கேட்டான். நான் விளிம்பப் பாத்தேன். தண்ணி நின்னுருந்துச்சு. 'மலைப்பக்கம் ஒடிச்சு வா, வா'ன்னு கையக் காட்டினேன். நான் கையக் காட்டுனதாலதான் அவன் எடுத்தான்."

அவள் கையிலிருந்த துணியைப் பிழிந்தாள். அதில் தண்ணீர் இல்லை.

"நீங்க வண்டியில இருந்திருந்தா எடுத்திருப்பீங்களா?"

"எடுத்திருப்பேம்மா."

"வேண்டாம்னு அவர் ரெண்டு நாளா சொல்லிட்டு இருந்தாரு. 'வையாபுரி அண்ணன் நிக்கறாரு, அவர் பாத்துக்குவாரு'ன்னு நாந்தான் அனுப்பி வெச்சேன்."

பையன் எழுந்து வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டான்.

"இத விசாரணைல வந்து சொல்லுவீங்களா?" என்று கேட்டாள்.

நவம்பர் 26, புதன்

கோட்ட அலுவலகம். பத்தரைக்கு வரச் சொல்லி, பன்னிரண்டுக்குக் கூப்பிட்டார்கள். தங்காயியும் வந்திருந்தாள். மரக்கட்டை மேல் ஏறி இறங்கி, முழங்கால் வரை சேற்றோடு.

ஆகஸ்ட் 11-ஆம் தேதியிலிருந்து தொடங்கினேன். சக்கரம் ஒரு சாண் இறங்கியது. தாளைப் படித்தே கையெழுத்துப் போட்டது. ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்பதற்காகப் போட்டது. பொறியாளரிடம் பொய் சொன்னது. தை வரைக்கும் தள்ளலாம் என்று பேசிக்கொண்டது. கையைக் காட்டியது. ஊற்றுப்பள்ளத்தைப் பற்றித் தங்காயி சொன்னாள். ஒதுக்கிய நிதி போய்விடுமென்று ஊரே வாயை மூடிக்கொண்டதையும் சொன்னாள்.

அதிகாரி நடுவில் பேனாவை வைத்துவிட்டார். "இதை இப்படியே எழுதினா வழக்கு உங்க மேலதான் வரும் வையாபுரி. உங்களோட நின்னுராது, மேல போகும். மேல இருக்கறவங்க உங்களத்தான் கீழ தள்ளுவாங்க. தெரியுமில்ல?"

"எழுதுங்க" என்றேன்.

எழுதி முடித்து, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்க மணி மூன்றரை. சுகந்தி வராந்தா பெஞ்சில் மகனை மடியில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாத்தையும் சொல்லிட்டீங்களா?"

"எல்லாத்தையும்."

தலையை ஆட்டினாள். பையனுக்குக் குல்லாயைச் சரிசெய்து தூக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் படி இறங்கினாள். மூன்று பேரும் சாலையைக் கடந்து நிறுத்தத்தில் நின்றோம். எங்கள் ஊர் வண்டி வந்தது. தங்காயி ஏறினாள், நான் ஏறினேன். நடத்துநர் சுகந்தியைப் பார்த்து, "ஏறும்மா, இடம் இருக்கு" என்றார்.

"அடுத்த வண்டியில வர்றேன்" என்றாள்.